மூன்றாவது கோட்டிங்

மகள் வசுமதி வீட்டைவிட்டுப் போய்க் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து செங்கோடனுக்குத் தன் லாரியின் பின்கதவைப் பார்க்கவே ஆகவில்லை. அங்கே அவள் பெயர் சிவப்பில் பெரிதாக இருந்தது. துருவைத் தடுக்கிற கறுப்புக் கோட்டிங்கும் ஸ்ப்ரே கன்னும் வாங்கிவந்து தானே அடித்தான். பெயிண்டரிடம் விட்டால், பெயரை மறுபடி எழுதிவிடட்டுமா என்று கேட்பார். சிவப்பு போயிற்று. எழுத்து போகவில்லை. ஒவ்வொரு முறை எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்காகப் புதுப் பெயிண்ட் அடித்து வண்டியைக் காட்டப் போகும்போதும் பழைய எழுத்தின் மேலேயே எழுதி எழுதி அது தழும்புபோலத் தடித்திருந்தது. இன்னொரு கோட்டிங் அடித்தான். இன்னும் தடித்தது. காயும்வரை உட்காரப் பொறுக்காமல் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். மூன்றாவதையும் அடித்தான். முன்பக்கம் போய், ஸ்ப்ரே கன்னுக்குக் காற்றுத் தந்த கம்ப்ரஸரை நிறுத்திவிட்டுத் திரும்பியபோது, மனைவி பாவாயி மோர்ச் சொம்போடு பின்கதவருகே நின்றிருந்தாள்.

“ஏனுங்க, பேரு போயிருச்சுங்களா?”

“போயிருச்சு” என்றான், கதவைப் பார்க்காமல்.

“நல்லதாப் போச்சுங்க.”

சொம்பை வாங்கினான். அவள் பிடித்திருந்த இடமெல்லாம் கறுப்பு விரல்தடம், இன்னும் ஈரமாக.