சுட்டுவிரலில் ஒரு மணி

ஈறுநோய் அரித்த அண்ணனின் தாடையில், எலும்பு பிடித்து வளர்வதற்கான பஞ்சு போன்ற துண்டை வைத்துத் தைத்தாள் பல் டாக்டரான தங்கை. அப்போது ஊசி அவள் சுட்டுவிரலிலும் ஏறியது.

ஆறு மாதத்தில் அந்தத் துண்டு கரைந்து எலும்பு நிறைந்தது. அதன்பின் தினமும் மதியம் ஒரு மணிக்கு அண்ணன் தன் வீட்டில் மென்றால், கிளினிக்கில் இவள் விரல்நுனி நசுங்கும். அரை மணியில் நின்றுவிடும்.

“மெதுவா மெல்லுண்ணே, விரல் போகுது.”

“பல்லைக் காப்பாத்திக் குடுத்துட்டு இப்ப மெல்லாதேன்னா எப்படி?”

மாரடைப்பில் போன அண்ணனை நேற்றுப் புதைத்தார்கள்.

இன்று ஒரு மணிக்கு விரல் நசுங்கத் தொடங்கியது. அண்ணியைப் போனில் அழைத்தாள்.

“அண்ணி, நல்லாப் பாத்துட்டுத்தானே குழியை மூடினோம்?”

“என்ன பேச்சும்மா இது?”

இப்போது மணி நாலு. அண்ணன் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.