வளையத்துக்குள் வரலாமா

பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரில் மழலையர் வகுப்பு டீச்சர் மரிவிக் நடத்தும் விளையாட்டு சுலபமானது. தரையில் ஆளுக்கொரு பெரிய பிளாஸ்டிக் வளையம், அதற்குள் நிற்க வேண்டும். அடுத்தவர் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் விலக வேண்டும்.

பிள்ளைகளை ஏற்றிப்போக வரும் டிரைசைக்கிள்காரர் அர்னெலும் விளையாட்டில் சேர்ந்துகொண்டார். தினமும் ஐந்து வயது லிகாயாவின் வளையத்தின் முன்னால்தான் நிற்பார்.

"வரலாமா?"

"வேண்டாம்."

"சரிங்க மேடம்."

பவ்யமாகப் பின்னோக்கி நடந்து, வேண்டுமென்றே வாளியில் இடறி விழுவார். வகுப்பே உருண்டு புரண்டு சிரிக்கும்.

"மாமா, என் வளையத்துக்கு வாங்களேன்," என்றான் ஒரு பொடியன்.

"எனக்கு அங்கதான்டா இடம் வேணும்."

பத்தொன்பதாம் நாள் லிகாயா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வேண்டாம்னா உங்களுக்குக் கோவம் வராதா?"

"வராது. உன் வளையம், உன் இஷ்டம்."

கொஞ்சம் யோசித்துவிட்டு நகர்ந்து இடம் விட்டாள். உள்ளே கால் வைத்த அர்னெலுக்குக் கண் கலங்கிவிட்டது.

வகுப்பில் டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்ற கட்டளை லிகாயாவுக்கு மறந்தே போனது.

"அம்மா, நான் சரின்னுட்டேன். நீ இவரைக் கல்யாணம் பண்ணிக்கோ."