மருந்துக்கடை வரைக்கும்

"கண்ணைத் திறங்க. இடுப்புல பெல்ட்தானே மாட்டுறேன், ஊசியா போடுறேன்?" என்றாள் மனைவி.

அவன் திறக்கவில்லை. பிள்ளையைச் சுமக்கும் பையை அவள் அவன் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி முடிக்கும் வரை, பல்லைக் கடித்துக்கொண்டு வாசற்கதவருகே நின்றான்.

"ஆச்சு. வெயில் படாம தலைக்கு மேல்மூடி போட்டிருக்கேன். தூங்குறான், அலுங்காம போங்க."

அவன் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தான். மூடிக்கு வெளியே, காலுறை போட்ட இரண்டு கால்கள் மட்டும் தவளைக்கால் மாதிரி மடங்கியிருந்தன.

அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பிரசவ விடுப்பு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போகிறாள். பகலெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன், வீட்டில் உட்கார்ந்து கட்டட வரைபடம் போடும் இவன்தான். இவனால் ஆகாது என்று அவள் முடிவு கட்டிவிட்டால் இவனுடைய அக்கா வந்து இறங்கிவிடுவாள். பெட்டி கட்டித் தயாராக வைத்திருக்கிறாள். தம்பி பல் தேய்ப்பதில்கூட இன்னும் குற்றம் கண்டுபிடிக்கிற மகராசி. அவள் வந்தால் வீட்டில் குழந்தை ஒன்றல்ல, இரண்டு.

அதனால் தெருமுனை மருந்துக்கடைக்குத் தனியாகப் போய் வருவது அவனுக்கு மானப் பிரச்சினை.

"சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. தலையைக் குனிஞ்சா உச்சியில முத்தம் குடுக்கிற உயரத்துல அவன் இருக்கணும். கீழ எதையாவது எடுக்கணும்னா இடுப்பை வளைக்காம முட்டியை மடக்கணும்."

"முக்கியமானதை விட்டுட்டீங்களே! மோவாய் நெஞ்சுல ஒட்டிட்டா மூச்சு முட்டும். அப்பப்ப மூடியை விலக்கி முகத்தைப் பாருங்க. கார் ஓட்டுறவங்க கண்ணாடியைப் பாக்கிற மாதிரி. மறந்தா ஃபெயில்."

"மருந்து வாங்கிட்டு வரச் சொல்றியா, லைசென்ஸ் குடுக்கப் போறியா?"

"மொதல்ல போயிட்டு வாங்க. யோசிக்கிறேன்."

பாதித் தூரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடந்தான். ஒரு நாய் குரைத்தது. பிள்ளை அசையவில்லை. ஒரு லாரி காது கிழிய ஹாரன் அடித்துவிட்டுப் போனது. ஊஹும். தாயிடம் இருந்திருந்தால் இந்நேரம் தெருவையே கூட்டியிருப்பான்! அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நடையில் கொஞ்சம் மிடுக்கு ஏறியது.

ஒரு தடவை அவன் கை மூடியின் பக்கம் போகத்தான் செய்தது. போன வேகத்தில் திரும்பியும் வந்துவிட்டது. நன்றாகத் தூங்குகிறவனை எழுப்பிவிட்டு நடுத்தெருவில் திருதிருவென்று விழிக்க அவனுக்கென்ன தலையெழுத்தா?

"அடேயப்பா, இன்னிக்கு அப்பா தூக்கிட்டு வந்திருக்காரா!" என்றாள் மருந்துக்கடைக்காரி. "எங்க, குட்டியோட முகத்தைக் காட்டுங்க சார்."

"உஷ்! இப்பத்தான் கண் அசந்தான்."

"என்ன வாசனையா இருக்கான்! குளிப்பாட்டினது நீங்கதானா?"

"பின்னே?" என்று வாய் கூசாமல் சொன்னான்.

களிம்பு டப்பா கை தவறிக் கீழே விழுந்தது. முதுகு வளையாமல் முட்டியை மடக்கி உட்கார்ந்து எடுத்தான். வரிசையில் நின்ற ஒரு அம்மாள், "எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்காரே, பிள்ளையைத் தூக்கச் சொன்னா இடுப்பு வலிக்குதும்பார்" என்று பெருமூச்சு விட்டாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. வீடு வரைக்கும் ராஜநடைதான்.

மனைவி கூடத்து நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அழுதானா?"

"மூச்! எங்கிட்ட எதுக்கு அழப்போறான்? நீதான் அவனை அழ வச்சுப் பழக்கியிருக்கே."

"அப்படியா? முட்டியை மடக்கினீங்களா?"

"கடைக்காரம்மாகிட்ட கேட்டுப் பாரு. ஊரே பாத்துச்சு."

"முகம்? முகத்தைப் பாத்தீங்களா?"

"என்ன கேள்வி இது? பத்தடிக்கு ஒரு தடவை பாத்தேன்."

"எப்படி இருந்தான்?"

"தூக்கத்துலயே சிரிச்சான். கன்னத்துல இப்படிக் குழி விழுது. அப்படியே உன் சிரிப்பு. சரி, அக்காவுக்கு போன் போட்டு வர வேண்டாம்னு சொல்லிடட்டுமா?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். அவன் நெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று, மேல்மூடியின் பட்டனில் கை வைத்தாள்.

"ஏய், எழுப்பிடாதே!" என்று பதறினான்.

சொல்லி வாய் மூடவில்லை, படுக்கையறைக்குள்ளிருந்து பிள்ளை வீறிட்டு அழுதான்.

அவள் மூடியை விலக்கினாள். உள்ளே, தலையில் பிள்ளையின் தொப்பியும் காலில் துண்டு அடைத்த காலுறைகளுமாக, நேற்று வாங்கிய பெரிய சலவைத்தூள் பாக்கெட் உட்கார்ந்திருந்தது.

"புதுசா ஓட்ட வர்றவங்களை எடுத்த எடுப்புலயே மெயின் ரோட்டுக்கு விடுறதில்லை சார். ஆனா, சோப்புத்தூளுக்குக் கன்னத்துல குழி விழும்னு இன்னிக்குத்தான் தெரியுது" என்றாள் அவள். "போன் போடுங்க. கட்டின பெட்டியை அவிழ்க்க வேண்டாம்னு உங்க அக்காகிட்ட சொல்லிடுங்க."