யோகராசாவின் முதல் எல்க்

இந்த வருடமும் உனக்குப் பாறையடிதான் என்று ஓட்வார் சொன்னதும் யோகராசாவுக்கு வயிறு எரிந்தது. சிரித்துச் சிரித்தே கழுத்தறுக்கிற ஆள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு துவக்கைத் தோளில் மாட்டினான்.

இருவரும் ஒஸ்லோவில் ஒரே டிப்போவில் பஸ் ஓட்டுகிறவர்கள். எல்க் என்பது குதிரையைவிட உயரமான காட்டு மான். ஒக்டோபர் பிறந்தால் ஓட்வாரின் குழு அதை வேட்டையாட நகரத்துக்கு வடக்கே உள்ள காட்டுக்குப் போகும். யோகராசாவும் பரீட்சை எழுதி, சுடப் பழகி, ஆசை ஆசையாக அந்தக் குழுவில் சேர்ந்திருந்தான். இது ஐந்தாவது வருடம்.

நாய் எல்க்கைக் கிளப்பிக்கொண்டு வரும். ஆளுக்கோர் இடத்தில் அசையாமல் காத்திருந்து சுடவேண்டும். யாருக்கு எந்த இடம் என்று சொல்வது தலைவன் ஓட்வார்தான். போன வருடங்களில் எல்க்குகள் மற்ற எல்லோர் முன்னாலும் போய் நின்றன. பாறையடிப் பக்கம் ஒரு முயல்கூட எட்டிப் பார்க்கவில்லை.

டிப்போவில் அவனைக் கண்டாலே எல்க்கைச் சுகம் விசாரிப்பார்கள். அதையாவது சிரித்துச் சமாளிக்கலாம். இம்முறையும் வெறுங்கை என்றால் அவனுடைய இடத்தை வேறொருவருக்குக் கொடுப்பதென்று குழுவில் முடிவாகிவிட்டது. வேண்டாத கறுவலைக் கழற்றிவிட நல்ல வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இனிப் பொறுக்க முடியாது என்று ஓட்வாரின் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டான். எல்க் வராத இடமாகப் பார்த்து என்னைக் குந்தவைக்கிறாய், இதுவா உன் நட்பு என்றான். ஓட்வார் நேரமாகிவிட்டது என்று நாயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஆதரவு என்று இருந்தது வீட்டில் மட்டும்தான். வேட்டைக்கு முதல் நாள் மனைவி உதயகுமாரி அவன் கேளாமலே முருகன் கோயிலுக்குப் போய்விடுவாள். அவன் பெயர் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்து, விபூதி கொண்டுவந்து நெற்றியில் பூசி அனுப்புவாள். வெறுங்கையோடு திரும்பினாலும் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. சுடச்சுடப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்து, பக்கத்தில் இருந்து பரிமாறுவாள். இப்படி ஒருத்தி யாருக்கு வாய்ப்பாள் என்று அவன் உருகிப் போவான்.

இந்த வருடம் அதற்கும் வழியில்லை. ஊரில் யோகராசாவின் பெரியப்பா காலமாகிவிட்டதால் வீடு துடக்கு. கோயில் வாசலை மிதிக்க முடியாது, வீட்டில் சாமி விளக்குக்கூட ஏற்றவில்லை. உதயகுமாரி தவித்துப் போனாள்.

"இந்த வருசம் மட்டும் போகாதேங்கோ. கோயிலுக்குப் போகாமல் உங்களை அனுப்ப எனக்குப் பயமாக் கிடக்கு."

போகாவிட்டால் இடம் போய்விடும் என்று அவளைச் சமாதானப்படுத்திவிட்டு வந்திருந்தான். பாறையடியில் மழைத் தூறலில் குந்தியிருந்தபோது அந்த வெறும் நெற்றிதான் அவனை உறுத்தியது. முருகனும் இல்லை, நண்பன் என்று நம்பியவனும் இல்லை. அந்நிய நாட்டுக் காட்டில் ஏமாளியாக இருக்கிறேனே என்று அழுகைகூட வந்தது.

தூரத்தில் நாய் குரைத்தது. வழக்கம்போலச் சத்தம் வேறு பக்கம் போகும் என்று அவன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ஆனால் சத்தம் நெருங்கிக்கொண்டே வந்தது. பைன் மரங்களை விலக்கிக்கொண்டு பெரிய கொம்போடு ஓர் எல்க் வெளியே வந்து, பக்கவாட்டாக நின்றது. மூச்சை அடக்கிச் சுட்டான். நாலு எட்டு நடந்து அது அப்படியே சரிந்தது.

முதலில் ஓடிவந்தவன் ஓட்வார்தான். கட்டிப்பிடித்து முதுகில் ஓங்கித் தட்டினான். தானும் தன்னுடைய அப்பாவும் முதல் எல்க்கைச் சுட்டது இதே பாறையடியில் என்றும், இந்தக் காட்டிலேயே நல்ல இடம் இதுதான் என்றும் சொன்னான். அதனால்தான் வருடா வருடம் தான் நிற்காமல் அவனை நிறுத்தினானாம். இத்தனை நல்ல இடத்துக்கு நாலு வருடமாக ஏன் ஒன்றுமே வரவில்லை என்று தனக்கே விளங்கவில்லை என்றான்.

யோகராசா வெட்கத்தில் குறுகிப் போனான். இப்படிப்பட்டவனைத் துரோகி என்று நினைத்தோமே என்று தன்னையே நொந்துகொண்டான். துடக்கு வீட்டில் இறைச்சி புழங்காது என்பதால் தன்னுடைய பங்கை ஓட்வாரிடமே விட்டுவிட்டு ஸ்டோவ்னரில் உள்ள வீட்டுக்குத் திரும்பினான்.

கதவைத் திறந்த உதயகுமாரியிடம் சப்பாத்தைக் கழற்றவும் பொறுமையில்லாமல் எல்லாவற்றையும் கொட்டினான். தன்னுடைய இடம் தப்பிவிட்டது, இனி டிப்போவில் ஒருவனும் வாய் திறக்கமாட்டான் என்றான். அவள் மெல்லச் சுவரோடு சாய்ந்துகொண்டதை அவன் கவனிக்கவில்லை.

"அர்ச்சனை இல்லாமலே கிடைச்சிட்டுது பாத்தீரோ. அடுத்த வருசம் நீர் கோயிலுக்கும் போனால் இன்னும் பெரிசா விழும்."

அவள் கண்கள் நிறைந்து வழிந்தன. சந்தோசத்தில் அழுகிறாள் என்று நினைத்து, தனக்காக அவள் பட்ட பாட்டை ஒருநாளும் மறக்கமாட்டேன் என்று கையைப் பிடித்தான். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"அந்த வாயில்லாச் சீவன் உங்கடை கண்ணிலையே படக்கூடாதெண்டெல்லோ நான் வருசாவருசம் அர்ச்சனை செய்தனான்."