சுகுணா வைத்த பேர்

கடத்தூர் மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்த கையோடு, பக்கத்து வீட்டு மலர்விழியிடம் ஒரு கிண்ணத்தை நீட்டினாள் கண்ணம்மாள்.

"என்னக்கா விசேஷம்?"

"எம் மருமவ சுகுணா எம் பேரையே வெச்சிருக்கா."

மலர்விழி திகைத்தாள். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் தொட்டில் கட்டாத வீடு அது. 'புள்ள பெக்காதவளுக்குப் படிப்பு ஒண்ணுதான் கேடு' என்று சுகுணாவின் காதுபடவே பேசியவள் இந்த மலர்விழிதான்.

"மாசமா இருந்ததயே சொல்லலீங்களே. ஆயா பேரத்தான் வெக்கணும். எங்க பொறந்துச்சு?"

"பிச்சாவரத்துல. அலையாத்தி மரத்து வேரடிச் சேத்துல."

"என்னக்கா சொல்றீங்க?"

"கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரு. புதுசாக் கண்டுபிடிச்சது சுகுணாதான். ஆறாத புண்ணுக்கு அதுலருந்து மருந்து வரலாமாம். 'ஆடு மாட்ட நான் பாத்துக்கறேன், நீ போய்ப் படி'ன்னு அனுப்புனேனில்ல, அதுக்காக எம் பேர வெச்சிருக்கா."

"போயும் போயும் கிருமிக்கா உங்க பேரு?"

கண்ணம்மாள் சிரித்தாள். "பேத்திக்கு வெச்சிருந்தா நம்ம தெருவுக்குத்தான் தெரியும். இதால முன்னப்பின்ன தெரியாத ஒருத்தருக்குப் புண்ணு ஆறுச்சுன்னா, எம் பேருக்கு அதவிட என்ன வேணும் மலரு? அம்மன் குடுத்த வாரிசு இது."

மலர்விழி பொங்கல் கிண்ணத்தை இரு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"சுகுணா எப்பக்கா ஊருக்கு வருது? எங்க வூட்ல ஒருவேள சாப்பிடச் சொல்லுங்க."