காலிப் பை

1959 காலண்டரைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, அந்த ஆணியில் மார்க்கெட்டுப் பையை மாட்டியிருக்கிறார் டிராயிங் மாஸ்டர் இருதயநாதன். இன்றோடு நாலு நாள். வீட்டில் ஒருவரும் அதைத் தொடக்கூடாதாம். மெட்ராஸ் கண்காட்சிக்கு அனுப்பப்போகும் படத்தில் அந்த வெறும் பை மெல்ல மெல்ல ஒரு பெண் உடம்பாகிக்கொண்டிருக்கிறது. கறுப்பு நூலால் ஒட்டுத் தைத்த பையின் காதுதான் தோள்பட்டை; தொளதொளவென்று தொங்கும் அடிப்பாகம்தான் வயிறு. படத்தின் கீழே 'என் மனைவி' என்று பெயரும் எழுதியாகிவிட்டது. கேட்டால், "உன்னை கௌரவப்படுத்தறேன்" என்கிறார். அந்த மனைவி ரோசரி, பை இல்லாமல் காந்தி மார்க்கெட் போய், கத்தரிக்காயையும் சேனைக்கிழங்கையும் முந்தானையில் ஏந்திக்கொண்டு இப்போதுதான் உள்ளே வருகிறாள். மூக்கு நுனியில் வேர்வை. துடைக்கக் கையில்லை. பாலக்கரைக் கோயிலில் பன்னிரண்டு மணி ஜெபத்துக்கு மணி அடிக்கத் தொடங்குகிறது. சிலுவை போட்டுக்கொள்ளவும் கையில்லை.

"தள்ளி நில்லு ரோசரி, வெளிச்சத்தை மறைக்கிற" என்கிறார் அவர், திரும்பிப் பார்க்காமலே.

அவள் தள்ளி நிற்கவில்லை. நேராக ஆணியிடம் போய், முந்தானையைப் பையின் வாயில் கவிழ்க்கிறாள். காய்கள் தடதடவென்று விழுகின்றன. தோள்பட்டை இழுபடுகிறது, வயிறு புடைக்கிறது, ஆணியைச் சுற்றிச் சுண்ணாம்பு உதிர்கிறது. கடைசி மணி ஓய்வதற்குள் ரோசரி சிலுவை போட்டுக்கொள்கிறாள்.

"ஐயோ, என்ன பண்ணிட்ட! நாலு நாள் வேலை!"

"ஆறு பெத்தவ நான். என்னிக்குங்க காலியா இருந்தேன்? இப்ப வரைங்க."