இன்னும் அஞ்சு வருஷம்

"சுமியே, அந்த முத்திரையைக் கொஞ்சம் எடுத்துக் குடும்மா. வெள்ளிக்கிழமையோட கெடு முடியுது."

யசுனோரி சாப்பாட்டு மேசையில் விண்ணப்பத்தை விரித்து வைத்திருந்தார். ஐம்பத்தைந்து வயதானவர்கள் விருப்பப்பட்டால் இப்போதே ஓய்வு பெறலாம், கொஞ்சம் கூடுதலாகப் பணம் தருகிறோம் என்று அவருடைய கம்பெனியில் அறிவித்திருந்தார்கள். பெயர், விலாசமெல்லாம் எழுதியாகிவிட்டது. கையெழுத்துக்குப் பதிலாகக் கீழே பெயர் முத்திரை குத்துவதுதான் பாக்கி.

முத்திரையும் பாஸ்புக்கும் சுமியேவின் இழுப்பறையில் இருந்தன. கல்யாணமான நாளிலிருந்து சம்பளம் முழுசும் அவள் கைக்குத்தான் போகிறது. மாதா மாதம் அவள் எடுத்துக் கொடுக்கும் கைச்செலவுப் பணம்தான் அவருக்கு. ஒசாகாவில் எத்தனை வீட்டில் இப்படி இல்லை?

"பத்தாதுங்க" என்றாள் சுமியே, பாத்திரம் கழுவிக்கொண்டே.

"எது பத்தாது?"

"வேறெது, பணந்தான். சம்பளம் நின்னுட்டாலும் வார்டு ஆபீஸ்காரன் பழைய சம்பளத்தைப் பார்த்துத்தான் அடுத்த வருஷம் வரி போடுவான். மருத்துவக் காப்பீட்டுல கம்பெனி பாதி கட்டுது, அதுவும் நம்ம தலையில விழும். இந்தக் கட்டடத்துல லிஃப்ட் மாத்தப் போறாங்களாம், அதுக்கு வேற கேப்பாங்க. பென்ஷன் வர்றதுக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கு. அதுவரைக்கும் காத்தையா குடிப்பீங்க?"

"நான் கணக்குப் போட்டுப் பார்த்துட்டேனே..."

"நம்மகிட்ட எவ்வளவு இருக்குன்னே உங்களுக்குத் தெரியாது. அப்புறம் என்ன கணக்கு?"

எவ்வளவு இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தவர், மூடிக்கொண்டார். இத்தனை வருடமாகக் கேட்காததை இப்போது கேட்டால் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடாதா?

"ஹருயே வீட்டையே பாருங்க. அவ வீட்டுக்காரரும் போன வருஷம் இப்படித்தான் சீக்கிரமா ஓய்வு வாங்கிட்டார். என்னாச்சு? பாவம், அவ எங்க பாட்டுக் குழுவையே விட்டுட்டா."

"அவ்வளவு கஷ்டமா அவங்களுக்கு?"

"பின்ன? இளைச்சு, அடையாளமே தெரியல."

யசுனோரி விண்ணப்பத்தை மெல்ல மடித்தார்.

"ஆபீஸ்ல என் பக்கத்து மேசைக்காரர் நிஷிவாக்கி தவறிப்போய் ரெண்டு மாசம்கூட ஆகல. வேலையை விட்டதும் ஆத்தங்கரையில சைக்கிள் விடணும், சைக்கிள் விடணும்னு சொல்லிக்கிட்டே இருந்தார். எனக்கும் அதே ஆசைதான் சுமியே. இத்தனை வருஷத்துல யோதோ ஆத்தை ரயில் ஜன்னல்லதான் பார்த்திருக்கேன்."

சுமியேவின் கை ஒரு கணம் நின்றது. அவளுக்கும் மனசு கேட்கவில்லைதான். ஆனாலும், "அறுபதுல எப்படியும் ஓய்வுதானே, இன்னும் அஞ்சு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போயிட்டு வந்துடுங்க" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

வியாழக்கிழமை காலை அவருக்கு ஆபீஸ் போகக் காலே எழவில்லை. லீவு சொல்லிவிட்டார். டிசம்பர் கச்சேரிப் பயிற்சிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சுமியே பதறிப்போனாள்.

"வீட்டுலயா இருக்கப் போறீங்க? மத்தியானமுமா?"

"ஏன், இருக்கக்கூடாதா?"

"அய்யோ, அப்படி இல்லீங்க. பன்னிரண்டு மணிக்கெல்லாம் ஓடி வந்துடறேன்."

ஆனால் பயிற்சி முடியவே ஒரு மணியாகிவிட்டது. போதாத குறைக்கு ரயில் வேறு வழியில் நின்றது. எங்கே இருக்கிறாய், எப்போது வருவாய் என்று கூப்பிட்டிருப்பாரோ என்று ஃபோனை எடுத்து எடுத்துப் பார்த்தாள். ஒரு அழைப்பும் இல்லை. கோபமாகத்தான் இருப்பார் என்று முடிவே செய்துவிட்டாள்.

ஸ்டேஷனில் வாங்கிய சோற்றுப் பெட்டியோடு மூச்சிரைக்கக் கதவைத் திறந்தாள். வீடெல்லாம் லேசான கருகல் வாடை.

"மன்னிச்சுக்கோங்க! ரொம்பப் பசியா இருப்பீங்க..."

"நான் சாப்பிட்டாச்சு. உனக்கு மூடி வெச்சிருக்கேன், பாரு."

தட்டில், முட்டைக்கோஸை நறுக்கி மாவில் கலந்து வார்த்த அடை ஒன்று. தடிமனாக, ஒரு பக்கம் கறுத்து, மேலே சாஸ் ஓடிக் கிடந்தது. வாணலி கழுவிக் கவிழ்த்திருந்தது. அடுப்பைத் துடைத்திருந்தார். தொட்டியில் ஒரு கரண்டிகூடக் கிடக்கவில்லை.

"இதையெல்லாம் எப்பங்க கத்துக்கிட்டீங்க?"

"கத்துக்கிட்டிருந்தா இப்படியா கருகும்? முதல்ல வார்த்தது குப்பைக்கு. ரெண்டாவது எனக்கு. மூணாவது தேவலை, அது உனக்கு."

"எனக்கு ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே?"

"நீ பாட்டுப் பாடப் போயிருக்க. எனக்குப் பசிச்சா நான் ஏதாவது பண்ணிக்கப் போறேன். இதுக்குப் போய் யாராவது உன்னைக் கூப்பிடுவாங்களா?"

சுமியே நின்றபடியே ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். உப்பு தூக்கலாக இருந்தது. அவள் கண் கலங்கிவிட்டது.

"அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்று சிரித்த யசுனோரி, மடித்து வைத்திருந்த விண்ணப்பத்தை எடுத்தார். "சரி விடு, இதைக் கிழிச்சுப் போட்டுடறேன். அஞ்சு வருஷம்தானே, ஓடிடும்."

சுமியே அதை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். விடுவிடுவென்று போய் இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்தாள். வாயருகே வைத்து ஒரு ஊது ஊதி, தாளின் கீழே அழுத்திக் குத்தினாள்.

"ஏய், ஏய்! என்ன பண்ற நீ? பணம் பத்தாதுன்னியே!"

"பணமெல்லாம் சேர்ந்து மூணு வருஷமாச்சுங்க!" என்றாள் சுமியே, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஹருயே மாதிரி நானும் பாட்டை விட்டுட்டு, தினம் மத்தியானம் உங்களுக்குச் சோறாக்க ஓடி வரணுமேன்னு பயந்துதான் பத்தாது பத்தாதுன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்!"